குறட்டை சிரிக்கிற விஷயம் இல்லை

 

கொஞ்சம் நீண்ட பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேவ் பண்ணி வைத்துவிட்டு இரவு படுக்கப் போகும் முன் வாசியுங்கள். படுக்கிற விஷயம் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் எனக்கு இரண்டு சஃப்பு முன்னால் இருந்த ஒருவர் குத்பா நடக்கும்போதே தூங்கிக் குறட்டை விட்டார். பொடியன்மார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அஸருக்குள் அது வட்ஸ்அப் குரூப்பில் வீடியோவாக வந்துவிட்டது. கீழே அழுது சிரிக்கும் இமோஜி வரிசை வரிசையாக. சில வருடங்களுக்கு முன்பென்றால் நானும் ஒன்று போட்டிருப்பேன். இப்போது முடியவில்லை. ஏனென்றால் அந்தக் குறட்டை நடுவில் நின்றது. நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பதினெட்டு வரை எண்ணிய பிறகுதான் அவர் திடுக்கிட்டு மூச்சை இழுத்தார். குத்பாவை ஒழுங்காகக் கேட்காத குற்றம் என்மேல். ஆனால் அந்தப் பதினெட்டுச் செக்கனில் அந்த மனுஷனின் உடம்புக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். என் உடம்பிலும் அதுதான் வருடக்கணக்காக நடந்தது.

என் கதையைச் சொல்லாமல் இதை எழுத வழியில்லை. எனக்கு வயது முப்பத்தேழு. பசறைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கல்வியியற் கல்லூரி விடுதியில் இருந்த காலத்திலேயே எனக்குப் பட்டப்பெயர் "லொறி". நடுச்சாமத்தில் கியர் மாற்றி மேடு ஏறுவேனாம். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். வாப்பாவும் இப்படித்தான் குறட்டை விடுவார். எங்கள் வீட்டில் அது ஆம்பிளையின் அடையாளம் மாதிரி. "நல்லா உழைக்கிற மனுஷன் நல்லாத் தூங்குவான்" என்று உம்மா சொல்வா. வாப்பா ஐம்பத்தாறு வயதில் தூக்கத்திலேயே மௌத்தானார். "எந்தக் கஷ்டமும் இல்லாத மௌத்து" என்று ஊரே சொல்லி எங்களைத் தேற்றியது. அதற்குக் காரணம் இந்த நோய்தான் என்று இப்போது என்னால் சொல்ல முடியாது. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் அந்த வசனத்தை யாராவது சொல்லும்போது இப்போதெல்லாம் என்னால் தலையாட்ட முடிவதில்லை.

2022 கடைசியில் என் நிலைமை இதுதான். எட்டு மணித்தியாலம் தூங்கி எழும்பினாலும் அடித்துப்போட்ட மாதிரி. காலையில் தலைவலி. இரவில் மூன்று நான்கு தடவை சலம் கழிக்க எழும்ப வேண்டும். சீனி வியாதி என்று பயந்து இரத்தம் சோதித்தேன், சீனி இல்லை. பிரஷர் 150க்கு 100. முப்பத்தைந்து வயதில் பிரஷர் குளிசை. ஒரு இடத்தில் டென்ஷன் என்றார்கள், இன்னொரு இடத்தில் கேஸ்ட்ரைட்டிஸ் என்றார்கள், ஒருவர் "சேர், கொஞ்சம் நடங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். ஸுபஹு தொடர்ந்து தவறியது. மூன்று அலாரம் வைத்தும் எழும்ப முடியவில்லை. ஷைத்தான் காதில் கட்டிவைத்திருக்கிறான் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன். ஓதிப் பார்த்த தண்ணீரும் குடித்தேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை, துஆவும் வேண்டும். ஆனால் தொண்டை அடைபடுகிறவனுக்குத் தொண்டைக்கும் வைத்தியம் வேண்டும்.

வகுப்பில் பயிற்சிக் கொப்பி திருத்தும்போது சிவப்புப் பேனை பக்கத்தில் கோடு இழுத்துக்கொண்டு போய்விடும். பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள், எனக்குக் கோபம் வரும். அந்தக் காலத்தில் நான் நல்ல வாத்தியாராக இருக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

2023 பெப்ரவரியில் ஒரு நாள், ஸ்கூல் விட்டு மோட்டார் சைக்கிளில் பதுளைக்கு வந்துகொண்டிருந்தேன். இரண்டு மணி வெயில், வயிற்றில் சோறு. அந்தப் பாதை உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், நூறு யாருக்கு ஒரு வளைவு. எந்த வளைவில் கண் மூடியது என்று எனக்குத் தெரியாது. கண் திறந்தபோது சைக்கிள் கானைத் தாண்டித் தேயிலைக்குள் நின்றது. செடி பிடித்துக்கொண்டது. எதிர்ப்பக்கம் போயிருந்தால் பிடிக்க ஒன்றுமில்லை. கையில் சிராய்ப்பு, ஒரு கண்ணாடி உடைவு, அவ்வளவுதான். அல்ஹம்துலில்லாஹ். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்காமார் ஓடிவந்து தண்ணீர் தந்தார்கள். "தூங்கிட்டீங்களா சேர்?" என்று ஒருவர் கேட்டார். "இல்ல, நாய் குறுக்க வந்துச்சு" என்றேன். இல்லாத நாய்மேல் பழியைப் போட்டேன்.

2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்ததை இந்த மாவட்டம் மறக்காது. அதற்குத் தூக்கம் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் பாதைகள் ஒரு கண் சிமிட்டலைக்கூட மன்னிப்பதில்லை என்பதற்காகத்தான் அதை நினைவுபடுத்தினேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவ ஒன்றும் பேசாமல் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினா. நான் மல்லாந்து தூங்குகிறேன். குறட்டை ஏறி ஏறிப் போய்த் திடீரென்று நிற்கிறது. நெஞ்சு மட்டும் உள்ளே வெளியே இழுபடுகிறது, மூச்சு வரவில்லை. முப்பத்தெட்டுச் செக்கன். பிறகு தண்ணீருக்குள் இருந்து தலையைத் தூக்கினவன் மாதிரி ஒரு இழுவை. "நா இதப் பாத்துப் பாத்து எத்தன ராவு தூங்கல்ல தெரியுமா? சொன்னா நீங்க கோவிப்பீங்கண்டுதான் சொல்லல்ல" என்றா. குறட்டையைப் பற்றி மனைவி வாய் திறந்தால் நமக்கு ரோஷம் வந்துவிடுகிறது. அந்த ரோஷம் என் உயிரை எடுக்கப் பார்த்தது.

அந்த வீடியோதான் எனக்கு முதல் மெடிக்கல் ரிப்போர்ட். நெஞ்சு நோய் வைத்தியர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "மிஸிஸ் கூட வந்தாவா?" என்பதுதான். தூங்குகிறவனுக்குத் தன் தூக்கம் தெரியாது, சாட்சி பக்கத்தில் படுப்பவர்தான் என்றார். வீடியோவை இரண்டு தரம் பார்த்தார். டேப் எடுத்துக் கழுத்தை அளந்தார், 43 சென்டிமீட்டர். பிறகு எட்டுக் கேள்வி உள்ள ஒரு தாளைத் தந்தார். வாசிக்கும்போது, டீவி பார்க்கும்போது, மதியம் சாப்பிட்டுவிட்டு இருக்கும்போது, பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் போகும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது தூங்கிவிழும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி போட வேண்டும். மெல்பேர்னில் மரே ஜோன்ஸ் என்ற வைத்தியர் 1991இல் எழுதிய கேள்விகள், எப்வர்த் அளவுகோல் என்று பெயர். மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் யோசிக்க வேண்டும். நான் 17 எடுத்தேன். வாழ்க்கையில் கூடப் புள்ளி எடுத்துக் கவலைப்பட்டது அந்த ஒரு சோதனையில்தான்.

நோயின் பெயர் ஸ்லீப் அப்னியா. தூக்கத்தில் மூச்சு நிற்பது. விஷயம் இவ்வளவுதான்: தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும், நாக்கு பின்னால் சரியும். சிலருக்கு அந்த இடம் ஏற்கெனவே ஒடுக்கம். தோட்டத்தில் தண்ணீர் ஹோஸை ஒருவர் மிதித்தால் என்ன நடக்கும்? அதுதான். பாதி மிதித்தால் சத்தம் வரும், அதுதான் குறட்டை. முழுதாக மிதித்தால் சத்தமே இல்லை. ஆகவே குறட்டை நின்றதும் "அப்பாடா" என்று நிம்மதிப்படாதீர்கள், அந்த அமைதிதான் ஆபத்து. பத்துச் செக்கனுக்கு மேல் மூச்சு நின்றால் அதை ஒரு நிறுத்தம் என்று கணக்கெடுப்பார்கள். இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கும். மூளை பதறி, நம்மை அரைகுறையாக எழுப்பி, தொண்டையைத் திறக்கும். நமக்கு ஞாபகமே இருக்காது. திரும்பத் தூங்குவோம், திரும்ப அடைபடும். இரவு முழுவதும் இப்படி என்றால் இதயம் எப்படி ஓய்வெடுக்கும்? குளிசைக்கு அடங்காத பிரஷர், காலைத் தலைவலி, இரவில் அடிக்கடி சலம், மறதி, எரிச்சல் எல்லாம் இதிலிருந்து வரலாம். பாரிசவாதத்துக்கும் இதயத் துடிப்புக் கோளாறுக்கும் இதோடு உறவு இருக்கிறது. ஹிந்திப் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு பப்பி லஹிரியைத் தெரிந்திருக்கும். 2022 பெப்ரவரியில் மும்பாயில் 69 வயதில் அவர் மறைந்தபோது வைத்தியசாலை சொன்ன காரணத்தில் இந்த நோயின் பெயர்தான் இருந்தது.

தடித்தவர்களுக்கு மட்டும் வரும் நோய் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. எடை பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. அமெரிக்காவின் விஸ்கொன்சினில் வருடக்கணக்காகச் செய்த ஆய்வில், உடம்பின் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இந்த நிறுத்தங்கள் கால்வாசி அளவு குறைவதாகக் கண்டார்கள். ஆனால் எங்கள் ஆசிய முகத்தாடை அமைப்புக்கு அவ்வளவு எடை இல்லாமலேயே இது வரும். மெலிந்த ஆள், உள்ளே தள்ளிய நாடி, குட்டைக் கழுத்து, அவருக்கும் இருக்கலாம். உலகத்தில் 30 வயதுக்கும் 69 வயதுக்கும் இடையில் 90 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது இருக்கலாம் என்று 2019இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் பதுளைக்காரர் எத்தனை பேர் என்று யார் எண்ணியது?

எனக்கு எழுதித் தந்த சோதனைக்கு மாகாணம் தாண்டிப் போக வேண்டியிருந்தது. திகதி கிடைக்க நாலு மாதம். அந்த நாலு மாதமும் மோட்டார் சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு பஸ்ஸில் போய்வந்தேன். வைத்தியர் சொன்னபடி பக்கவாட்டில் படுத்தேன். மல்லாந்து திரும்பாமல் இருக்க மனைவி என் பனியனின் முதுகில் ஒரு பொக்கெட் தைத்து மகனின் டென்னிஸ் பந்தைப் போட்டுவிட்டா. வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு. பந்து போன மகனுக்கு மட்டும் அழுகை. ஆனால் பந்து கொஞ்சம் வேலை செய்தது.

சோதனை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஊசி இல்லை, வலி இல்லை. தலையில், நாடியில், நெஞ்சில், காலில் வயர் ஒட்டி, மூக்கில் ஒரு குழாய், விரலில் கிளிப், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட் கட்டிவிட்டுத் தூங்கச் சொல்வார்கள். "இப்படிக் கட்டிப்போட்டா எப்படி மிஸ் தூங்கிற?" என்று தாதியிடம் கேட்டேன். பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டேனாம். மணித்தியாலத்துக்கு 5க்குக் கீழ் நிறுத்தம் என்றால் சரி, 5 முதல் 15 வரை இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. எனக்கு 41. ஒட்சிசன் 71 வரை இறங்கியிருந்தது. கொவிட் காலத்தில் 94க்குக் கீழ் போனால் அம்பியூலன்ஸைக் கூப்பிடு என்று நாம் படித்தோமே, நினைவிருக்கிறதா? நான் ஒவ்வொரு இரவும் 71க்குப் போய்த் திரும்பி வந்து, காலையில் பிளேன்டீ குடித்துவிட்டு ஸ்கூலுக்குப் போயிருக்கிறேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பகலில் விழித்திருக்கும்போது விரலில் ஒக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்து "98 இருக்கு, எனக்கு ஒண்டுமில்ல" என்று முடிவெடுக்க வேண்டாம். விழிப்பில் என் விரலும் 98தான் காட்டியது.

வைத்தியம் சீபெப் என்கிற ஒரு சின்ன மெஷின். வெறும் காற்றுத்தான், ஒட்சிசன் சிலிண்டர் இல்லை. மூக்கில் ஒரு மாஸ்க் மாட்டினால் மெல்லிய அழுத்தத்தில் காற்று தொண்டைக்குள் போய் அதை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். இது வருமுன் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வைத்தியமாக இருந்தது. சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1980இல், அந்த ஒப்பரேஷனுக்கு விருப்பமில்லாத ஒரு நோயாளிக்குத்தான் முதன்முதல் இதைப் போட்டுப் பார்த்தார். அந்த ஆரம்பக் கருவிகளில் வெக்யூம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி ஊத வைத்தார்கள் என்று வாசித்தேன். அடுத்த வருடம் லான்செட் சஞ்சிகையில் அவர்களின் கட்டுரை வந்தது. நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்ட வைத்தியம். நம் மலைக்கு இன்னும் ஏறி முடியவில்லை.

முதல் வாரம் கொடுமை. மூச்சு முட்டுகிற மாதிரி, மூக்கு வறட்சி, கன்னத்தில் பட்டித் தழும்பு. இரண்டு இரவு நடுவில் கழற்றி வீசினேன். உம்மா அறை வாசலில் நின்று பார்த்து அழுதா. "என் புள்ளய ஒக்ஸிஜன்ல வெச்சிட்டாங்களா" என்று தாத்தாவுக்குப் போன் எடுத்துச் சொல்லி, தாத்தா அழுது, அடுத்த நாள் வெலிமடையிலிருந்து மாமி பழம் வாங்கிக்கொண்டு நோயாளி பார்க்க வந்துவிட்டா. நான் அப்போது முற்றத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். மாஸ்க் சைஸ் மாற்றிய பிறகு, பகலில் டீவி பார்க்கும்போது அரை மணித்தியாலம் போட்டுப் பழகிய பிறகு, மூன்றாவது வாரம் ஒரு நாள் அலாரம் இல்லாமல் கண் விழித்தேன். வெளியே இருட்டு. பாங்கு சொல்லவில்லை. தலைவலி இல்லை. என்னவோ நடந்துவிட்டது என்று பயந்து மனைவியைத் தட்டி எழுப்பினேன். அவ நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தா, அதுவும் பல வருடங்களுக்குப் பிறகு.

நோன்பு காலத்தைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். மெஷினில் காற்றை ஈரமாக்க ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. நோன்பில் பகல் தூக்கத்துக்கு நான் அதைக் கழற்றிவிட்டு வெறும் காற்றில் போட்டேன். மஸ்அலாவை உங்கள் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒரு சமூகக்கல்வி வாத்தியார்.

இனிப் பணம். புது மெஷின் என் மூன்று மாதச் சம்பளத்தை விழுங்கியது. மனைவியின் வளையல் இரண்டு அடகுக்குப் போனது. எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, வளையல் இருந்தது. தோட்டத்து ஆளுக்கு? அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024இல் வர்த்தமானியில் வருவதற்கே எத்தனை போராட்டம். அந்தக் கையில் இந்தக் கருவிக்கு இடம் எங்கே?

மலிவு என்று வெளிநாட்டில் பாவித்த மெஷின் வாங்க யோசிப்பவர்கள் ஒரு விஷயத்தைப் பாருங்கள். பிலிப்ஸ் கம்பனி 2021 ஜூனில் தன் பழைய ட்ரீம்ஸ்டேஷன் போன்ற மெஷின்களை இலட்சக்கணக்கில் திருப்பி அழைத்தது. உள்ளே சத்தம் குறைக்க வைத்திருந்த ஃபோம் உதிர்ந்து மூச்சோடு போகலாம் என்பது காரணம். சவூதி, கட்டாரிலிருந்து யாராவது பழையது அனுப்பினால் மொடலையும் தொடர் இலக்கத்தையும் பார்க்காமல் மூக்கில் மாட்டாதீர்கள். அழுத்தத்தையும் வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். அடுத்தவர் கண்ணாடியை வாங்கிப் போடுகிற மாதிரி இதைப் போட முடியாது.

இப்போது நான் எழுத வந்த விஷயம். பதுளை டவுனில் இருக்கிற எனக்கே இது கண்டுபிடிபட ஒரு வருடத்துக்கு மேல் போனதென்றால், மடுல்சீமை, நமுனுகுலை மேட்டு லயன்களில் என்ன நிலைமை? லயத்துக் காம்பராவில் ஆறேழு பேர் படுக்கிறார்கள். குறட்டை நடுச்சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்கும் கேட்கும். ஆக சாட்சிக்குப் பஞ்சமில்லை, நோய் என்று சொல்லத்தான் ஆளில்லை. விறகுப் புகையில் மூக்கு எந்நேரமும் அடைப்பு. சிலர் களைப்புக்கென்று இரவில் குடிக்கிறார்கள். மார்க்கத்தை விடுங்கள், வைத்தியமாகச் சொல்கிறேன், குடியும் தூக்கக் குளிசையும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும். காலையில் பெரட்டுக்குப் பிந்தினால் "சோம்பேறி" என்று பெயர் விழும், அன்றைய பெயரும் போகும். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர் ரோலர் பக்கத்தில் கண் அசந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

பெண்களை இன்னும் யாரும் கணக்கெடுக்கவில்லை. பொம்பிளை குறட்டை விட்டால் அவமானம் என்று வீட்டோடு மூடிவிடுகிறோம். அவர்களுக்குக் குறட்டையைவிடக் களைப்பு, தலைவலி, தூக்கம் பிடிக்காமை, மனச்சோர்வு என்றுதான் பல நேரம் வெளியே தெரியும். மாதவிடாய் நின்ற பிறகு இது அதிகமாகும். கொழுந்துக்கூடையை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து சமைக்கிற பெண் களைப்பு என்று சொன்னால் யார் காதில் விழப்போகிறது? டிஸ்பென்சரியில் இரண்டு பனடோல் கிடைக்கும். எங்கள் டவுன் பெண்கள் மட்டும் என்ன? நான் இந்த மெஷின் கதையை ஸ்டாஃப் ரூமில் சொன்ன பிறகு ஒரு டீச்சர் தனியாக வந்து மெதுவாகக் கேட்டா, "சேர், லேடீஸுக்கும் வருமா?"

அடுத்தது டிரைவர்மார். கெப்பெட்டிபொலவிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு இரவிரவாகக் கொழும்புக்கு ஓடுகிறவர்கள், ஸ்கூல் வேன்காரர்கள், பஸ் டிரைவர்கள். நாள் முழுவதும் உட்கார்ந்த வேலை, கண்ட நேரத்தில் கொத்து ரொட்டி, வயிறு, தடித்த கழுத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2014இலேயே சாரதி அனுமதிப்பத்திர விதிகளுக்குள் இந்த நோயைக் கொண்டுவந்துவிட்டது. அனுமதிப்பத்திரத்தைப் பறிப்பதற்காக அல்ல, வைத்தியம் செய்துகொண்டு ஓட்டுவதற்காக. இங்கேயும் கனரக வாகன மெடிக்கலில் கண்ணைப் பார்க்கும் அதே இடத்தில் கழுத்தையும் அளந்து, குறட்டையா, மூச்சு நிற்கிறதா, பகலில் தூக்கமா என்று கேட்பது கட்டாயமாக வேண்டும். ஒரு டேப்பும் ஐந்து நிமிஷமும் போதும். வேலை போய்விடும் என்று டிரைவர் பொய் சொல்வாரே என்று கேட்கலாம். சொல்வார்தான். நானும் நாய் வந்தது என்று சொன்னவன். ஆகவே வைத்தியம் பார்த்தால் வேலை போகாது என்ற உறுதியையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

என் வகுப்பு விஷயத்தைப் பிறகு சொல்கிறேன் என்றேன். தரம் 4இல் ஒரு பையன். முதலாம் பாடத்திலேயே தூங்கிவிழுவான், இல்லாவிட்டால் ஓர் இடத்தில் இருக்காமல் அடுத்தவனை நுள்ளிக்கொண்டிருப்பான். வாய் எப்போதும் திறந்தே இருக்கும், கண்ணுக்குக் கீழே கறுப்பு. "ராவெல்லாம் டீவியா?" என்று கேட்டு நான் அவனை எத்தனையோ நாள் நிற்க வைத்தேன். ஒரு நாள் வெயிலில் நிற்க வைத்தேன். எனக்கு நோய் கண்டுபிடிபட்டு வந்த கிழமை அவனைப் பார்த்தேன். அவன் நின்றுகொண்டே தூங்கினான். எனக்கு முதுகு சில்லிட்டது.

அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆமா சேர், பய வாயத் தொறந்துகிட்டுத்தான் தூங்குவான். கொறட்ட பெரியாளு மாதிரி. வேர்த்து ஊத்தும். இன்னும் பாயில ஒண்ணுக்குப் போறான், அதுக்கு அவங்க அப்பா அடிக்கும்." பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் டொன்சில், அடினொயிட் வீக்கத்தால் வரும். பெரியவர்கள் மாதிரி எல்லாப் பிள்ளையும் தூங்கிவிழாது, சில பிள்ளைகளுக்கு அது குழப்படியாகத்தான் வெளியே வரும். காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். டொன்சில் இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டிருந்தன. ஒப்பரேஷன் முடிந்து இப்போது ஒன்றரை வருடம். முதலாம் பிள்ளை ஆகிவிடவில்லை, கணக்கு இன்னும் வராது. ஆனால் பாய் நனைவதில்லை, இரவு வாயை மூடித் தூங்குகிறான், கடைசிப் பாடம் வரை விழித்திருக்கிறான். நான் வெயிலில் நிறுத்திய நாளை அவன் மறந்திருக்கலாம். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சேர்" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டான்.

ஆசிரிய நண்பர்களே, நாம் பயிற்சியில் எத்தனை உளவியல் கோட்பாடு படித்தோம். தூங்குகிற பிள்ளையை அடிக்க முன் அதன் வாய் திறந்திருக்கிறதா என்று பார் என எனக்கு யாரும் சொல்லித்தந்த ஞாபகம் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பிள்ளை இரவில் குறட்டை விடுமா? பிள்ளைகளின் குறட்டை செல்லமாகச் சிரிக்கிற விஷயம் இல்லை.

மருத்துவ நிர்வாகத்திடம் கேட்பது ஒன்று. இப்போது வீட்டுக்குக் கொடுத்து விடுகிற சின்னச் சோதனைக் கருவிகள் இருக்கின்றன. விரல் கிளிப், மூக்குக் குழாய், ஒரு பெல்ட். எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் என்னைப் போன்ற வெளிப்படையான நோயாளிக்குப் போதுமானது. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே ஊவாவில் 12 இலட்சத்து 66 ஆயிரம் பேர். பதுளை, மொனராகலை கிளினிக்குகளில் இந்தக் கருவி தாராளமாக இருந்தால், மொனராகலைக்காரர் ஓர் இரவுத் தூக்கத்தைச் சோதிக்க இரண்டு நாள் பயணம் போகத் தேவை வராது.

நம் ஜமாஅத்திடம் கேட்பது இன்னொன்று. கொவிட் காலத்தில் பள்ளிவாசல்கள் ஒட்சிசன் மெஷின் வாங்கி, இன மத வேறுபாடு பார்க்காமல் வீடு வீடாகக் கொடுத்தோம். சக்கர நாற்காலி இரவல் கொடுக்கிறோம். அதே அலுமாரியில் இரண்டு சீபெப் மெஷின் இருக்கட்டும். வைத்தியர் எழுதித் தந்தவர்கள், வாங்க முன் ஒரு மாதம் போட்டுப் பார்க்கட்டும். மாஸ்க் மட்டும் ஆளுக்கு ஒன்று புதிதாக வேண்டும். கோயில் நிர்வாகசபைகளும் தோட்டத்துத் தலைவர்மாரும் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஒரு மர்ஹூமின் பெயரில் ஸதகதுல் ஜாரியாவாக யாராவது முன்வந்தால், என் வாப்பாவின் பெயரில் முதல் பங்கு என்னுடையது.

கரண்ட் பற்றியும் கேட்பீர்கள். 2025 நவம்பரில் டித்வா புயலில் எங்கள் பக்கம் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. மெஷின் மேசையில் கிடந்தது. தலையணை மூன்றை அடுக்கிச் சாய்ந்து, பக்கவாட்டில் படுத்துச் சமாளித்தேன். மனைவி மறுபடி விழித்திருந்தா. இப்போது ஒரு பற்றரிக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஈரமாக்கும் சூட்டை நிறுத்தினால் மெஷின் கொஞ்சக் கரண்ட்தான் இழுக்கும்.

வீடியோ போட்ட தம்பிக்குப் போன் எடுத்தேன். அழித்துவிட்டான். அந்த மனுஷனின் வீட்டுக்கும் நேற்று மஃரிபுக்குப் பிறகு போனேன். முதலில் கோபப்பட்டார். "வயசு போனா தூக்கம் வரத்தானே செய்யும்" என்றார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி திரைச்சீலையை விலக்கிக்கொண்டு, "தம்பி, எவ்வளவு நேரம் மூச்சு நிண்டா பயப்படோணும்?" என்று கேட்டா. வாற செவ்வாய்க்கிழமை கிளினிக். நானும் லீவு போட்டிருக்கிறேன்.

கொமென்ட்டில் கேட்க வெட்கமாக இருந்தால் இன்பொக்ஸுக்கு வாருங்கள். வரும்போது போனில் ஓர் இரவு வீடியோ எடுத்துக்கொண்டு வாருங்கள், முகம் தெரியத் தேவையில்லை, சத்தம் கேட்டால் போதும்.